விற்கிற வீட்டுக்கு ஒரு பேசின் மேடை

தான் குளிக்கப் போகாத குளியலறைக்குச் செலவு செய்கிறவர் ஒருவர், அதில் குளிக்கலாமா என்று வந்து பார்த்து முகம் சுளிக்கிறவர் இன்னொருவர். இந்த இருவருக்கும் நடுவில் சிமெண்டுக் கையோடு நிற்பதுதான் என் தொழில்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு பெங்களூர் கண்டோன்மெண்டில் வீடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. விலைக்கு வரும் வீட்டைக் கொஞ்சம் சிங்காரித்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளையடிப்பேன், ஓடு மாற்றுவேன், ஒழுகும் குழாயை ஒழுகாதது போல் காட்டுவேன். இதெல்லாம் சுலபம். குளியலறையில் கை கழுவும் பேசினைப் பதிக்கிற மேடை இருக்கிறதே, அது மட்டும் என் ஆயுளில் பாதியைத் தின்றது. சொந்த வீட்டை விற்கப் பார்த்து நொந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்களும் ஒருநாள் வீடு விற்பார்கள்.

உளுத்த பலகை

ஆஸ்டின் டவுனில் ஞானமுத்து என்பவரின் வீடு. மனிதர் கோலார் தங்கச் சுரங்கத்தில் காலமெல்லாம் பாறை உடைத்தவர். உடைத்த பாறையில் பாதித் தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. பத்து வார்த்தை பேசினால் இருமல் வந்து பதினோராவது வார்த்தையைப் பிடுங்கிக்கொள்ளும். பெங்களூர்க் குளிர் இந்த நெஞ்சுக்கு ஆகாது, வெயில் அடிக்கிற ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் குடியாத்தத்தில் இருந்தாள். அங்கே போய் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டுமென்றால் இங்கே இருப்பதை விற்றாக வேண்டும்.

வீடு அவருடைய மைத்துனர் கட்டியது. அவர் மிலிடரி மெஸ்ஸில் பட்லராக இருந்து, வீட்டை இவர்களுக்கு விட்டுவிட்டுக் காலமானவர். ஆபீசர்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, தானும் ஒரு பீங்கான் பேசின் வாங்கி மரப் பலகையில் பதித்திருந்தார். பலகை தண்ணீரில் ஊறி உளுத்துப்போய், விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. "பாத்ரூமைப் பாத்துட்டுதான் ஆளுங்க ரேட்டு பேசறாங்க. அந்தப் பலகையை எடுத்துட்டு சல்லிசா ஏதாவது போடுங்க" என்றார் புரோக்கர் காதர் பாய். நானும் சரி என்றேன். ஞானமுத்துவின் மனைவி ரெஜினா அம்மாள் வாசல்வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னார்: "என்னா வேணா போடுங்க மேஸ்திரி. மார்கழிக் குளுரு வர்றதுக்குள்ள இவரை இட்டுக்கினு போயிடணும். எனக்கு அது ஒண்ணுதான்."

ஆனேக்கல்லிலிருந்து வந்த அதிசயம்

எது மலிவு என்று யோசித்ததில், நம்ம ஊர்க் கல்லை விட மலிவு எது என்று தோன்றியது. ஆனேக்கல் பக்கம் கல் உடைக்கிற இடத்துக்கு நேரில் போனேன். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தண்ணீர் புழங்குகிற இடத்துக்கு, மேல்பக்கம் வழவழவென்று கொத்திக் கொடுங்கள் என்று சொல்லி வந்தேன். கனம் எவ்வளவு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டியிலிருந்து அதை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அரையடிக் கனம். நீளமும் அகலமும் நான் சொன்னதுதான், மேல்பக்கம் வழவழப்பும் நான் சொன்னதுதான். அதைக் குளியலறைச் சுவரில் பதித்தால் சுவர் கல்லோடு சேர்ந்து கீழே உட்கார்ந்துவிடும். திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலியில் இன்னொரு கல் வாங்கலாம். வேறு வழி தெரியாமல் பின்பக்கம் குழாயடியில், காலாகாலத்துக்கும் அசையாதபடி சற்றுச் சாய்வாகப் பதித்துவிட்டு, தலையெழுத்து என்று கையைத் துடைத்துக்கொண்டேன். கல்லோடு வந்திருந்த, அதை உடைத்துக் கொத்திய கல்லொட்டர் மட்டும் கடைசிவரைக்கும் என்னைப் புரியாமலே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: "ஏன் சுவாமி, கை கழுவறதுக்கு யாராவது கல்லு கேப்பாங்களா? தண்ணி எடத்துக்குன்னா துணி துவைக்கத்தானே?"

எண்ணெய்க் குளியல்

அடுத்து கடப்பைக் கல். மெலிசு, மலிவு, சொன்ன அளவில் கிடைக்கும். ஆனால் பேசினுக்கு ஓட்டை போடும்போது கறுப்புத் தூசி வீடு முழுக்கப் பறந்தது. ஞானமுத்துவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தோம். அங்கிருந்தே அவருடைய இருமல் கேட்டது. அவரை இந்த ஊரிலிருந்து காப்பாற்றி அனுப்பத்தான் இந்த வேலை, அந்த வேலையே அவரை இரும வைக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உளியைக் கீழே போட்டுவிடலாம் போலிருந்தது.

கடப்பைக் கல் காய்ந்தால் சாம்பல் பூத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மை மாதிரி கறுத்து மின்னும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். வீடு பார்க்க ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே தேய்த்தேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வந்தவர் சிக்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முழுக்கைச் சட்டை, மல்லு வேட்டி, எல்லாம் வெள்ளை. குழாயைத் திருகிப் பார்க்கிறேன் என்று மேடைமேல் முழங்கையை ஊன்றினார். பிறகு கையை எடுத்துப் பார்த்தார். சட்டைக் கையில் கறுப்பு எண்ணெய் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே காதர் பாயிடம் சொன்னார்: "கல்லுக்கு எண்ணெய் தேச்சு உட்கார வெச்சிருக்காரு. சீயக்காய் போட நான் வரணுமா?"

சிவப்புச் சிமெண்ட்

இந்தத் தடவை தூசி கிளப்பாத ஒன்றைப் போட வேண்டும் என்று தீர்மானித்தேன். கடப்பைக் கல்மேலேயே சிமெண்டில் காவிப் பொடி கலந்து பூசி, கரணையால் இழைத்துவிட்டால் சிவப்பாக, கண்ணாடி போல வந்துவிடும். அறுப்பு கிடையாது, உடைப்பு கிடையாது. ஞானமுத்துவும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பூமிக்கு அடியில் எந்நேரமும் இருட்டாக இருக்கும், அதனால் மனிதனுக்கு நிறத்தின்மேல் ஆசை வந்துவிடும் என்றார். மேலே வந்ததும் முதலில் மனைவியின் புடவை நிறத்தைத்தான் பார்ப்பாராம். அன்றைக்கு அவர் அதிகம் இருமவில்லை.

என் கொத்தனார் முனியப்பா நிறம் தூக்கலாக வரட்டும் என்று காவியை அள்ளிப் போட்டுவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் மேடையைத் தடவிப் பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார், பிறகு பேசினில் கையைக் கழுவினார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. இன்னும் கொஞ்சம் கழுவினார். இன்னும் சிவப்பாக ஓடியது. கணவர் என்னைப் பார்த்தார், நான் முனியப்பாவைப் பார்த்தேன், முனியப்பா கூரையைப் பார்த்தான். அந்த அம்மாள்தான் பொறுமையாகக் கேட்டார்: "நாங்க இன்னும் வீட்டையே வாங்கலையே, அதுக்குள்ள எதுக்கு ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கீங்க?"

புளியும் சாம்பலும்

இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டது. காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரத் தொடங்கிவிட்டது. ஞானமுத்து படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மொசைக் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். இருக்கிறதில் அதுதான் கொஞ்சம் விலை, ஆனாலும் சலவைக்கல் வாங்க முடியாதவர்களுக்கு அதுதான் சலவைக்கல். காவிப் பூச்சைக் கொத்தி எடுத்த அன்றைக்கு அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி மாதா கோயிலில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். வெள்ளைச் சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெழுகேற்றினேன். சும்மா சொல்லக் கூடாது, என் கையால் அவ்வளவு நல்ல வேலை அதற்கு முன்பு வந்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. நாளை மறுநாள் அப்பாவை அழைத்து வருகிறேன், அவர் சரி என்றால் முடித்துவிடலாம் என்றார். ரெஜினா அம்மாள் அன்றைக்கே டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

வாத்தியாரும் அவர் அப்பாவும் வந்தபோது நானும் கூடப் போனேன். குளியலறைக் கதவைத் திறந்தால் மேடை செத்துக் கிடந்தது. மினுமினுப்பு ஒரு பொட்டு இல்லை. சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து, சொரசொரவென்று இருந்தது. வாத்தியாரின் அப்பா விரலால் தடவிவிட்டு, ரெண்டு நாளில் இப்படி என்றால் ரெண்டு வருஷத்தில் வீடு என்ன ஆகும் என்று கேட்டார். வாத்தியார் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்கள் போன பிறகு ரெஜினா அம்மாள் அடுப்படியில் நின்று அழுதார். பெரியவர் வருகிறாரே என்று அதிகாலையில் எழுந்து, பித்தளைச் சொம்பையும் குடத்தையும் தேய்க்கிற மாதிரி, புளியும் சாம்பலும் போட்டு மேடையை அழுத்தித் தேய்த்திருக்கிறார். சலவைக்கல்லைப் புளி தின்றுவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை, யார் பேசினைப் போய்ப் புளி போட்டுத் தேய்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "பித்தளையெல்லாம் இதுலதான பளபளன்னு ஆவுது மேஸ்திரி. இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருந்தா அவரு சீக்கிரம் ஊருக்குப் போவாருன்னு தேய்ச்சேன்."

மார்கழி

அதற்குமேல் யாருக்கும் மேடையைத் தொடத் தெம்பில்லை. மார்கழி முதல் வாரம் காதர் பாய் ஒரு அம்மாளை அழைத்து வந்தார். பெயர் சரோஜா. ஆலைகளில் வேலை பார்க்கிற மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் குடியிருப்பவர். மூன்று பிள்ளைகளும் எண்ணெயும் கிரீசுமாகத்தான் வீடு திரும்புவார்கள். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: அம்மா, குளியலறை மேடை சரியாக அமையவில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தார். இதுமேல் பக்கெட் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். பின்கதவு வழியாக வெளியே போனார்.

போனவர் வரவில்லை. ஏதாவது குறை கண்டுபிடித்துவிட்டாரா என்று பயந்துகொண்டே நாங்களும் போனோம். குழாயடியில், ஆனேக்கல் கல்லுக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். சாய்வு பார்த்தார். பிறகு கூட வந்திருந்த மூத்த பிள்ளையின் தோளில் கிடந்த துண்டை உருவி, குழாயில் நனைத்து, ஓங்கி ஓர் அடி அடித்தார். கல் அசையவில்லை. சத்தம் அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது. அடிக்கிறதுக்கு இடுப்பு வளைய வேண்டாம், தண்ணீர் தானே ஓடிவிடுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, துண்டை முறுக்கிப் பிழிந்து பிள்ளை தோளிலேயே திரும்பப் போட்டார். வாடகை வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே கல்லாம். அதற்குக் காத்திருந்தே அவருக்குத் தலை நரைத்ததாம். காதர் பாயைப் பார்த்துச் சொன்னார்: "பேரம் எல்லாம் வாணாம் பாய். வேற யாரும் இந்தக் கல்லைப் பாக்கறதுக்குள்ள முடிச்சுடுங்க."

குடியாத்தத்துக்கு

பத்திரம் முடிந்த மறுநாளே கிளம்பினார்கள். ஒரு கம்பளிக்குள் ஞானமுத்து, டிரங்குப் பெட்டிமேல் ரெஜினா அம்மாள். வண்டி வரும்வரை ஞானமுத்து பின்பக்கம் போய் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். வெயில் அப்போதுதான் அதன்மேல் விழத் தொடங்கியிருந்தது. மேடை மேடையாகப் போட்டு உங்களை இரும வைத்ததுதான் மிச்சம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கல்லை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். இருமல் வந்து வார்த்தையைப் பிடுங்குவதற்கு முன் முழுசாகச் சொல்லிவிட்டார்: "என்னைப் படுக்க வெச்சதும் கல்லு, ஊருக்கு அனுப்பறதும் கல்லு. எங்களுக்குள்ள சரியாப் போச்சு தம்பி, நீங்க நடுவுல வருத்தப்படாதீங்க."

அதிலிருந்து விலைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலையாகக் கொல்லையில் ஒரு நல்ல துவைக்கிற கல்லைப் போட்டுவிடுகிறேன். வருகிறவர்கள் அத்தனை பேரும் குளியலறை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.