என் பெயரில் போன பதில்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி, முதுகலைத் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டின் முதல் இயலை ஒப்படைக்க ஒன்பது நாள்களே இருந்தன.

இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவள். கைப்பேசியில் யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட, என்ன பதில் எழுதுவது என்று சற்று நேரம் யோசிப்பேன். அதற்குள் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் கைநழுவிவிடும். வருகிற செய்திகளுக்கு என் சார்பில் வேறு எவரேனும் பதில் சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன். என் மடிக்கணினியில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நிறுவி, அதை என் செய்திக் கணக்கோடு இணைத்தேன். திரையில் தோன்றிய கியூஆர் கோடைக் கைப்பேசியால் படமெடுத்ததும் வேலை முடிந்தது. எனக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் அது படிக்கும், நினைவில் வைத்துக்கொள்ளும், என் பெயரில் பதில் அனுப்பும்.

நிறுவும் முறையை விளக்கிய பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தது. சொந்த எண்ணை இணைக்காமல் இதற்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களிடம் மட்டும் பேசட்டும். வேறு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அவர்களை ஒவ்வொருவராகப் பட்டியலில் சேருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு முறை படித்தேன். புதிய சிம் வாங்க அரை நாள் போய்விடுமே என்று தோன்றியது. யாரிடம் பேசலாம் என்று கேட்ட இடத்தில் 'அனைவரும்' என்பதைத் தொட்டேன்.

அதன் பிறகு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் அதன் நடையைத் திருத்துவதில் செலவிட்டேன். வணக்கத்தோடு தொடங்க வேண்டும், பணிவாக எழுத வேண்டும், ஒற்றுப்பிழை வரக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக அறிவுறுத்தினேன். எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பற்றி இவ்வளவு யோசித்த நான், யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அடுத்த அறையில் என் தோழி இருந்தாள். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டு பெண்கள் கொண்ட குழு ஒன்றுக்கு அவர்தான் தலைமை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் கைப்பேசியை எடுக்காவிட்டால் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். நானும் எப்போதும் குரலிலேயே பதில் சொல்வேன்.

தோழியின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. பத்து நாள்களுக்கு முன் அதைக் கண்டுபிடித்தவள் என் ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். ஒரு மாலை, விடுதி மாடியில் துணி எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்களாம்டி. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. சேத்துல நின்னுக்கிட்டே அழுதுரும். கேட்டா நான் லைப்ரரில இருக்கேன்னு சொல்லிடு, என்ன?"

சரி என்றேன். பிறகு, "நீயும் வர்றியா?" என்றாள்.

இயல் முடியவில்லை என்றேன். "சரி, பரவால்ல" என்று உடனே சொல்லிவிட்டு, துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நூலகத்துக்குள் சென்றேன். பைகளை வாசலில் உள்ள அடுக்கில்தான் வைக்க வேண்டும். கைப்பேசி பைக்குள் இருந்தது; மடிக்கணினி விடுதி அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பதில் சொல்லத்தான் ஆள் இருக்கிறதே என்ற நிம்மதியோடு அடிக்குறிப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் நடந்ததைப் பின்னர் திரையில் வரிவரியாகப் படித்தே தெரிந்துகொண்டேன்.

பத்து நாற்பதுக்குத் தோழி மருத்துவமனையிலிருந்து எழுதியிருந்தாள்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன், உள்ள கூப்பிடப் போறாங்க. மார்புக் கட்டியில ஊசி விட்டு சதை எடுப்பாங்களாம். ரிப்போர்ட் வியாழக்கிழமை. பயமா இருக்குடி." அதற்கு என் பெயரில் ஒரு பதில் போயிருந்தது: "பயப்படாதே. வலி சில நிமிடங்கள்தான். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்."

பதினொன்றே காலுக்கு அவள் அம்மாவின் குரல் வந்திருந்தது. "பாப்பா, காலையிலேருந்து அடிக்கிறேன், அவ போன எடுக்கவே மாட்டேங்குறா. எங்க இருக்கா, சாப்பிட்டாளா, ஒரு வார்த்த சொல்லு தங்கம்."

உதவியாளர் அந்தக் குரலை எழுத்தாக்கிப் புரிந்துகொண்டு, எழுத்திலேயே பதில் அனுப்பியிருந்தது: "வணக்கம் அம்மா. அவர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். மார்பில் உள்ள கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வியாழக்கிழமை தெரியும். தாங்கள் கவலைப்பட வேண்டாம்." ஒரு பிழையும் இல்லை. ஒரு பொய்யும் இல்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவள் மாடியில் என்னிடம் வாய்மொழியாகச் சொன்னது அதற்கு எப்படித் தெரியும்?

தோழியின் அம்மா அப்போது முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். எழுத்தாக வந்த பதிலைக் குழுவில் இளையவரான, பத்தாவது வரை படித்த ஒரு பெண்ணிடம் நீட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உரக்கப் படித்திருக்கிறார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தியபோது, பன்னிரண்டு பேருக்கும், வரப்பில் குடையோடு நின்ற நிலத்துக்காரருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்து பையைத் திறந்தேன். தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. செய்திகளைப் பார்த்த உடனே நடந்தது புரிந்துவிட்டது. அந்த நிமிடம் நான் தோழியை அழைக்கவில்லை. அவள் அம்மாவுக்குப் போன செய்தியை அழித்தேன். போய்ச் சேர்ந்துவிட்ட ஒன்றை அழித்து என்ன பயன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முதலில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கை போனது. அடுத்து உதவியாளரின் இணைப்பைத் துண்டித்தேன். அதற்குப் பிறகே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எனக்கு முன்பே அவள் அம்மா வந்திருந்தார். புடவைக்கு மேல் வேலைக்குப் போடும் ஆண் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. தோழி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"ஏன்டி சொன்ன?"

என் கைப்பேசியை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று சொல்லப் பேருந்தில் நான்கு வாக்கியங்கள் தயாரித்திருந்தேன். "போனை யாரோ..." என்று முதல் வாக்கியத்தைத் தொடங்கவும் செய்தேன். அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யை அங்கேயே விட்டேன்.

"நான் அனுப்பலம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு ஏஐ இருக்கு, அதுவே பதில் சொல்லும். நான்தான் அத என் நம்பரோட சேத்து விட்டேன்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப எங்கிட்ட பேசுனது நீ இல்லயா?"

"இல்லங்கம்மா."

"நடவுக்கு மிசினு வந்து நாங்க பன்னெண்டு பேரு பாக்குற வேலைய அரை நாள்ல முடிக்குது. சரி போ, காலம்னு பாத்துக்கிட்டு இருக்கோம். பெத்தவளுக்குப் பதில் சொல்லவுமா மிசினு வக்கிறீங்க?"

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் தலை நிமிர முடியவில்லை. அவரே தொடர்ந்தார். "எனக்குத் தெரிஞ்சதும் நல்லதுதான். இல்லாட்டி இந்தக் கழுத இங்க ஒண்டியாத்தான கெடந்திருக்கும். ஆனா எங்காதுல மட்டும் விழுந்திருக்கணும், தங்கம். களையெடுக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் இனிமே இதத்தான கேப்பாளுவ."

தோழி தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதாகச் சொன்ன அந்த வரிகள்.

"இது? உள்ள போறதுக்குள்ள மூணு வாட்டி படிச்சேன். இதையாவது நீ எழுதுனியா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். என் நடையிலேயே இருந்தது. யாராலும் மறுத்திருக்க முடியாது.

"இல்லடி" என்றேன்.

அவள் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். குனிந்து, அம்மாவின் காலில் காய்ந்திருந்த சேற்றைத் துப்பட்டாவின் நுனியால் துடைக்கத் தொடங்கினாள். "விடுடி, வீட்டுல போயி கழுவிக்கலாம்" என்று அவர் சொல்லியும் நிறுத்தவில்லை. நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார் என்று இருவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்த முடிவு, அது சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றது. ஆனால் அதை வயலில் உரக்கப் படித்துக் காட்ட யாரும் இல்லை. "ஒம்மவளுக்கு என்னமோ கட்டியாமே" என்று அறுவடை வரைக்கும் அவரைப் பேருந்திலும் கடைவீதியிலும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். தோழி சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது அந்த உதவியாளருக்குத் தனி சிம் வைத்திருக்கிறேன். என்னைத் தவிர எவரோடும் அது பேச முடியாது. மற்றவர்கள் எனக்கு எழுதுவது எதுவும் அதற்குப் போகாது. அந்த ஏற்பாட்டுக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

தோழி பழையபடி பேசுகிறாள், சிரிக்கிறாள். அவள் அம்மாவுக்கு நான் என் குரலிலேயே மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டார் என்பதற்கான அடையாளம் திரையில் தெரிந்தது, பதில் வரவில்லை. அதன் பிறகு அவரிடமிருந்து எனக்குக் குரல் செய்தியே வந்ததில்லை. என் கணக்கு, என் எண் என்று நான் எண்ணியிருந்ததில் பாதி, என்னை நம்பிப் பிறர் சொன்ன சொற்கள் என்பதும், அவற்றை இன்னொன்றிடம் ஒப்படைக்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை என்பதும், அந்த மௌனத்தை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு உறைக்கிறது.