மூன்றாவது மாடிக் கதவு

தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் தையற்கார அக்காவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். பொத்தான் தைத்து முடித்ததும் அதை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது அவள் பழக்கம். தம்பி அதைப் பார்த்தே வளர்ந்தவன். லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகு, பழுது பார்த்து முடிந்ததும் ஒவ்வொரு மாடிக்கும் படியேறிப் போய், லிஃப்ட் நிற்காத மாடியில் கதவு திறக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். திறக்கக் கூடாது. மூன்றாவது இழுப்பு உனக்காக என்று அக்காவைக் கேலி செய்வான். காலையில் கருவிப் பையைத் தூக்கும் முன் அதன்மேல் கை வைத்துக் கண்மூடி நிற்பான். என்ன வேண்டுகிறாய் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, என் வேலையால் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, அவ்வளவுதான் என்றான்.

அவர்களுக்கு ஒரு சித்தப்பா. "எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் எட்டாவது மாடிக்கு எப்படிப் போவான்?" என்று தம்பியைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரித்தவர். அந்தச் சிரிப்பு அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. தம்பி மேற்பார்வையாளராகிப் புதுச் சட்டை வாங்கிய வாரம், அந்தப் பக்கம் வந்த சித்தப்பா அவள் கடையில் வந்து உட்கார்ந்தார். அரைமணியில் அவருக்கு ரயில். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு அவள் போன் போட்டாள்.

"கதவுங்கள மட்டும் பாத்துட்டு வந்துடறேன்க்கா. பத்து நிமிஷம்."

"நீ பாத்த வேலைல என்னடா குத்தம் இருக்கப் போகுது? அப்படியே வா. சட்டைய மாத்தாத."

அவன் வந்தான். சித்தப்பா சட்டையில் இருந்த மேற்பார்வையாளர் பட்டையைத் தடவிப் பார்த்து, தோளில் தட்டிக் கொடுத்தார். முள் இறங்கியது. மற்ற கதவுகளைப் பார்த்துவிட்டேன், மூன்றாவது மாடிக் கதவு மட்டும் பாக்கி, போய்விட்டு வருகிறேன் என்று அவன் இரண்டு தடவை எழுந்தான். சித்தப்பாவை ரயில் ஏற்றிவிட்டுப் போயேன் என்று இரண்டு தடவையும் உட்கார வைத்தது அவள்தான்.

அந்தக் கட்டடத்தில் துடைக்கிற வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு, வாளியை இழுத்தபடி பின்பக்கமாக லிஃப்டுக்குள் நுழைவது வழக்கம். தம்பி திரும்பிப் போவதற்குள் அவள் மூன்றாவது மாடியில் கதவை இழுத்தாள். திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை.

அன்று மத்தியானம் தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் தம்பி என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறவள்.

விசாரணையில் தம்பி எதையும் மறைக்கவில்லை. அந்தக் கதவை இழுத்துப் பார்க்கவில்லை என்றான். பூட்டின் சுருள்கம்பி தேய்ந்து போயிருந்தது, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று எழுதி முடித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் பையின்மேல் கை வைப்பதை விட்டான்.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் தம்பிக்கு ஒரே கேள்வி. மேலே இருக்கிறவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அவரையே நம்பினவளை ஏன் விட்டார்? அக்கா ஏதேதோ பதில் சொன்னாள். விதி என்றாள். சோதனை என்றாள். நமக்குத் தெரியாத காரணம் இருக்கும் என்றாள். "நீ என்னக்கா, அவருக்கு வக்கீலா? ஃபீஸ் எவ்வளவு?" என்பான். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. அந்தப் போனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் ஒரு பெண் ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, பொத்தான் தைத்துக் கொடுக்கச் சொன்னாள். முதல் சம்பளம் வாங்கும்போது பார்க்க அம்மா இல்லை என்று வருத்தப்பட்டாள். அம்மா எப்படிப் போனாள் என்று அக்கா கேட்டாள். பெண் சொன்னாள். கட்டடம், மாடி, வாளி.

"யார் மேலயும் குத்தம் இல்லன்னுட்டாங்க. கடவுள்கிட்டதான் கேக்கணுமாம். நானும் தினம் கேக்கறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்."

அக்கா பொத்தானை இரண்டு முறை இழுத்திருந்தாள். மூன்றாவது இழுப்புக்குக் கை வரவில்லை. கோட்டு நாளைக்குத்தான் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டது நான்தான்டா. எழுந்தவனை உக்கார வச்சதும் நான்தான்."

"தெரியாதாக்கா எனக்கு?"

"பின்ன ஏன்டா ஒரு நாளும் என்னைக் கேக்கல?"

அவன் குழாயை மூடினான். "உன்னைக் கேட்டா நீ அழுவ. என்னையே கேட்டுக்கிட்டா மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அவரைத் திட்டினா அவர் ஒண்ணும் சொல்றதில்ல."

ஒன்பது வருடம் அவருக்காக வாதாடியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இப்போதுதான் உறைத்தது. காலையில் பையின்மேல் கை வைத்த அந்த ஒரு நிமிடக் கண்மூடலைத் தம்பி தொலைத்ததுகூட அவளைக் காப்பாற்றத்தான்.

விடிந்ததும் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன், அவள் என்ன சொன்னாலும் சரி என்றாள். தம்பி தூக்கிய கருவிப் பையைக் கீழே வைத்தான்.

"கதவைப் பாக்காதவன் நான்தானே. நானும் வரேன்."

பையின்மேல் அவன் கை படிகிறதா என்று அவள் பார்த்தாள். படியவில்லை. கதவைப் பூட்டினான், மூன்று முறை இழுத்துப் பார்த்தான். இருவரும் தெருவில் இறங்கினார்கள்.