ரோட்டுக்கு அந்தப் பக்கத்து விலை

எங்கள் ஊர்க்காரர்கள் கோழி வாங்கினாலும் பெட்ரோல் அடித்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன விலை என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். அந்தப் புத்தி லேசில் போகாது. நானும் என் நண்பனும் மாதக்கணக்காகக் காத்திருந்த போர் வியூக வீடியோ விளையாட்டுக்கு முன்பதிவு தொடங்கிய அன்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு என்றிருக்கும் பனச்சமூட்டுச் சந்தை டீக்கடையில் இருந்தோம். அவன் மொபைலோடு ரோட்டைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் நின்று விலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே வெல ஆக்கும்," என்றான், ஏமாந்த முகத்தோடு.

"எலே, இன்டர்நெட்டுக்கு எல்லை உண்டா?" என்று எரிந்து விழுந்தேன்.

முன்பதிவு செய்தால் விலை கொஞ்சம் குறைவு என்பதால் இருவரும் அங்கேயே வாங்கினோம். விளையாட்டு வெளியானபோது அதில் எளிது, கடினம், மிகக் கடினம் என்று மூன்று நிலைகள் இருந்தன. எளிதில் ஆடுவது எனக்கு மானப் பிரச்சினை. மிகக் கடினத்தை எடுத்து, எல்லை நெடுகக் கோட்டை கட்டினேன். திரும்பத் திரும்ப நாடு பறிபோனது. விளையாட்டே சரியில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவனும் அதே நிலையில்தான் ஆடினான், ஆனால் தோற்கவில்லை. பொறுக்க முடியாமல் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். எல்லையில் ஒரு படைவீரன்கூட இல்லை. பெரிய சந்தை ஒன்று இருந்தது. எதிரி ராஜாக்களின் வண்டிகள் அங்கே சரக்கு வாங்க வரிசையில் நின்றன.

"கோட்டை எங்கலே?" என்றேன்.

"மக்கா, நம்ம பனச்சமூட்டுல எவனாவது கோட்டை கெட்டியிருக்கானா?" என்றான்.