பவுடர் போட்ட வலி

இந்த ஹாம்பர்க் நகரத்தில் நோயாளிகள் நோயாளிகளைப் போலவே இருக்கிறார்கள். தலை வாராமல், வீட்டில் போடும் தொளதொள கால்சட்டையோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் கூச்சமில்லை. நான் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவளைப் போல இஸ்திரி போட்ட சுடிதார், கம்மல், பொட்டு, பவுடரோடு இருப்பேன். அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும்.

ராயபுரத்துப் பழக்கம் அது. எங்கள் தெருவில் காய்ச்சல்காரர்கள்கூட முகம் கழுவி, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டுதான் ஷேர் ஆட்டோ ஏறுவார்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கடைவீதி முழுக்கச் சுற்றிவரும் அம்மா, ஆஸ்பத்திரி என்றால் மட்டும் பீரோவைத் திறந்துவிடுவாள். பள்ளிக்கூட நாட்களில் மாதாமாதம் நான் சுருண்டு கிடப்பேன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகர வழியில்லாமல் ஹாரன் அடிக்கும்; அது என் வயிற்றுக்குள் கேட்கும்.

"எல்லா பொம்பளைக்கும் கீறதுதான். நீ மட்டும் இன்னாத்துக்கு இப்டி பேஜாரு பண்ற?" என்பாள் அம்மா. ஆனாலும் ஒருமுறை அழைத்துப்போனாள். "கலீஜா போனா எவனும் மதிக்க மாட்டான். மூஞ்சி கழுவி பவுடர் போட்டுகினு வா."

அங்கிருந்த டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். கல்யாணமும் ஆனது, கடலும் தாண்டியாயிற்று. வலி மட்டும் விசா கேட்காமல் கூடவே வந்துவிட்டது.

இங்குள்ள டாக்டர் தங்கமான மனிதர். ஒவ்வொரு முறையும் கைகுலுக்கி, "பார்க்க நன்றாக இருக்கிறீர்களே" என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்து நன்றி சொல்லித் தொலைப்பேன். மன உளைச்சல், ஊர் ஏக்கம், கொஞ்சம் நடங்கள் என்று சொல்லி ஒரு மாத்திரை தருவார். யாருமே நம்பாததில் எனக்கே என் வலிமேல் சந்தேகம் வந்திருந்தது. களைத்துப்போயிருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, முகம் கழுவக்கூட எழ முடியவில்லை. என் கணவர் நைட்டியின் மேலேயே கம்பளிக் கோட்டைப் போர்த்திக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். கலைந்த தலை, வெறும் நெற்றி. அதே டாக்டர் என்னைப் பார்த்ததும் கைகுலுக்க மறந்து நின்றார்.

"எவ்வளவு காலமாக இப்படி?"

"பள்ளிக்கூடம் படிக்கும்போதிலிருந்து."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பவுடர் போட்டுக்கொண்டு சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பையின் உள்ளே இருப்பதைப் போன்ற சவ்வு வெளியே வளர்ந்து குடலோடு ஒட்டிக்கிடந்ததாம். நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அறுவைசிகிச்சை செய்தார்கள், திரும்ப வரலாம் என்றும் சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் அம்மா வீடியோவில் வந்தாள். "இன்னாடி இது, பொட்டுகூட இல்லாம ஆஸ்பத்திரில கெடக்குற?" என்றவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ரொம்ப வலிச்சுதா கண்ணு?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

"அதெல்லாம் இல்லம்மா" என்றுதான் வாயில் வந்தது. கைப்பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்த ஒரே பொட்டுதான். அம்மா அழைத்தால் நெற்றிக்கு வரும். டாக்டர்கள் வரும் சத்தம் கேட்டால் கட்டில் கம்பிக்குப் போகும். வீடு திரும்பும் நாளில் அதன் பசை போய்விட்டது, இரண்டு இடத்திலும் ஒட்டவில்லை.