காப்பி எடுக்காத சம்பந்தியம்மா

மென்பொருள் திட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘சம்பந்தியம்மா’ என்று பெயர். அன்று மாலைக்குள் மருத்துவமனைக்குச் செயலியைக் கொடுத்தாக வேண்டும். திட்டங்களைச் சேர்த்துச் செயலியாக்கும் ‘பில்ட்’ பாதியில் நின்றுவிட்டது. மருந்துச் சீட்டுத் திட்டமும் மருந்துக் கிடங்குத் திட்டமும், ஒன்றிலுள்ள கணக்கு மற்றதற்குத் தேவை என்பதால், மற்றது முதலில் முடியட்டும் என்று ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்தன.

“ரெண்டும் முறைச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ணுலேருந்து மருந்து அளவுக் கணக்கைக் காப்பி எடுத்து இன்னொண்ணுல போட்டுடுங்க சம்பந்தியம்மா, ஓடிடும்,” என்றார் மேலாளர்.

“போன தடவை அப்படித்தான் போட்டீங்க. குழந்தைங்களுக்கான மருந்து அளவை ஒண்ணுல திருத்தினோம், காப்பியில பழசே இருந்துச்சு. நான் போட மாட்டேன் சார்.”

இரண்டுக்கும் பொதுவான அளவுக் கணக்கைப் பிரித்துத் தனித் திட்டமாக்கினார். அதுவே முதலில் உருவாக வேண்டும் என்று பில்ட் கோப்பில் எழுதினார். பில்ட் ஓடியது.

மேலாளர் செயலியை அனுப்பப் போனார். சம்பந்தியம்மா மீதமிருந்த பழைய காப்பிகளைத் தேடித்தேடி அழிக்கத் தொடங்கினார்.