ஓரம் விடாத அருளப்பன்

போன வியாழக்கிழமை காலை அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். எங்களிடம் எழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டர் முனுசாமி சாந்தோமிலிருந்து நேரே வந்தவர், எழுத்துப் பெட்டிப் பக்கம் போகாமல் என் மேஜையருகே வந்து நின்றார். "சார், நம்ம மார்ஜினு ஐயா பூட்டாரு சார். காலைல கோயிலுக்குக் கெளம்பிக்கினு இருந்தாராம். அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். நான் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்த வரியைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

எங்கள் அச்சகத்தார் "மார்ஜினு ஐயா" என்று பெயர் வைத்திருந்தது, இந்தப் பத்திரிகையில் நீங்கள் பல கதைகள் படித்திருக்கும் சூ. அருளப்பனுக்குத்தான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வருவதற்குள் நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய கடைசிக் கதை உம்மிடம் வந்ததாமே, இந்த இதழில் போடுகிறீரா என்று கேட்டார்கள். போடப்போவதில்லை என்றேன். மறுநாள் எங்கள் முதலாளியும் கேட்டார். "என்னய்யா இது! செத்துப்போன மனுஷன் எழுதினது. போட்டா வாசகாள்லாம் கண்ணீர் விடுவா. உமக்கு என்ன வந்தது?" என்றார். அவருக்கும் முடியாது என்றே சொன்னேன். கல்நெஞ்சுக்காரன் என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. பேசட்டும். ஆனால் அருளப்பனைத் தெரிந்தவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவருடைய முதல் கதை தபாலில் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. தமிழ் டைப்ரைட்டர் அப்போதுதான் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்துக் கிறுக்கலிலிருந்து விமோசனம் என்று ஆசையாக உறையைப் பிரித்தேன். அட கடவுளே! காகிதத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை எழுத்து. மார்ஜின் என்கிற ஓரமே கிடையாது. வரிக்கும் வரிக்கும் நடுவில் எறும்பு நுழையாது. பத்தி பிரிக்கவே இல்லை. மேற்கோள்குறி, கேள்விக்குறி ஒன்றும் இல்லை. யார் பேசுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று நாமே யூகிக்க வேண்டும். சில வரிகளில் கடைசி எழுத்து காகிதத்தைத் தாண்டி உருளையில் விழுந்துவிட்டிருந்தது.

"இன்னா சார் இது, தாளு வெல ஏறிப்போச்சா? திருத்தி எழுதறதுக்கு எங்க சார் எடம் கீது?" என்றார் முனுசாமி. கதை நன்றாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, முழுவதையும் என் கையால் படியெடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது கதையும் அப்படியே வந்தது. விசாரித்தபோது இன்னும் எரிச்சல். மனிதர் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் டைப் அடித்தவராம். துரைமாருக்கு ஒழுங்காக ஓரம் விட்டு அடித்தவருக்குத் தமிழ்ப் பத்திரிகை என்றால் இளக்காரமா? கதையைத் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் ஓரம், வரிக்கு வரி இடைவெளி, பத்திக்குப் பத்தி புது வரி, பேச்சுக்கு மேற்கோள்குறி. இவையில்லாமல் இனி ஒரு தாளையும் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று எழுதினேன்.

ஒன்றரை மாதம் பதிலே இல்லை. பிறகு கதை வந்தது. நான் கேட்டது ஒன்றுவிடாமல் இருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! முனுசாமி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வெற்றி மமதையில் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: "இதை முதலிலேயே செய்திருக்கலாமே. அவ்வளவு கஷ்டமா என்ன?"

அந்தக் கதையின் புரூப்பில் ஒரு சந்தேகம் வந்தது. இதழ் மறுநாள் முடிய வேண்டும். கச்சேரி ரோடு வழியே நடந்தே சாந்தோமுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே டைப்ரைட்டர் சத்தம். வலது கை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. வரி முடியும் மணி அடித்தது. அவர் அதை லட்சியம் செய்யாமல் காகிதம் தீரும் வரை தட்டினார். பிறகு உடம்பை முழுக்கத் திருப்பி, வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, இடது கோடியிலுள்ள கம்பியைத் தள்ளி உருளையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினார்.

ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பாடு. அதனால்தான் வரியை இழுக்கும் மட்டும் இழுத்திருக்கிறார். பத்தி பிரித்தால் இன்னொரு தரம் தள்ள வேண்டும். மேற்கோள்குறிக்கு இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்கு இன்னொரு கை வேண்டும். நான் கேட்ட மூன்று விரல் ஓரம் அவருடைய வரிகளைப் பாதியாகக் குறுக்கி, அந்தப் பாட்டை இரட்டிப்பாக்கியிருக்கிறது.

காபி கொண்டுவந்த அவர் மனைவி சலேத்தம்மாள் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "பாரிச வாயு வந்து அந்தக் கை போயிடுச்சுங்க. இவருக்கு இடது கைப் பழக்கம், எழுதுற கையே அதுதான். நீங்க திருப்பி அனுப்புன கதைய அடிச்சு முடிக்கிறதுக்குள்ள தோள்ல தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கே கை வலிச்சுப்போச்சு." கூட்டங்களில் அருளப்பன் இடது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நிற்பதைத் துரைத்தனம் என்று நாமெல்லாம் கேலி செய்திருக்கிறோம். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

அருளப்பனுக்குக் கோபம் மனைவி மேல்தான். "இப்ப எனக்குத்தான் நஷ்டம்" என்றார். "இதுவரைக்கும் என் கதைய மட்டும் படிச்சீங்க. இனிமே என் கையையும் சேர்த்துப் படிப்பீங்க. நல்லாயில்லாததையும் போடுவீங்க. எது நல்லாயிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" உருளையிலிருந்த தாளை உருவி வைத்துவிட்டு, "ரெண்டு கையும் இருக்கிறவன் எழுதினதா நெனச்சுப் படிக்கிறதா இருந்தா அனுப்பறேன். இல்லாட்டி இதோட விட்டுடறேன்" என்றார். வாக்குக் கொடுத்தேன். ஓரம் விட வேண்டாம், படியெடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் தலையசைத்தார்.

முனுசாமியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. இன்று எழுதுவது சலேத்தம்மாள் அனுமதி கொடுத்ததால்தான். அதன்பின் அவர் அனுப்பியவற்றில் சிலவற்றைப் போட்டேன், சிலவற்றைத் திருப்பினேன். ஒருமுறை சப்பென்ற ஒரு கதை வந்தது. அந்தத் தோளை நினைத்து இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினேன். கடைசியில் திருப்பிவிட்டேன். அடுத்த வாரம் ரிக்‌ஷாவில் அச்சகத்துக்கே வந்து இறங்கினார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "அது மட்டம்னு எனக்கே தெரியும் சார். உங்களைச் சோதிச்சுப் பார்க்கத்தான் அனுப்பினேன். இப்பத்தான் நீங்க போட்ட கதைங்க மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றார். போய்யா நீயும் உன் பரீட்சையும் என்று கத்தினேன். அன்றைக்குப்போல அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி அந்தக் கடைசிக் கதை. கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவனும், அவனோடு பத்து வருஷமாகப் பேசாத தம்பியும். தொடக்கம் பிரமாதம். முடிவில் ஒரு புயல் வருகிறது. பத்து வருஷப் பகை அரைப் பக்கத்தில் கரைந்து, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படியே எழுதித் திருப்பி அனுப்பினேன். அது புதன்கிழமை, அவர் சாவதற்கு முந்தின நாள், அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

கடிதத்தைப் பிரித்துப் படித்தார் என்று சலேத்தம்மாள் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். கதையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாராம். மனம் நொந்தாரா, சரி என்று ஒப்புக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

அந்தப் பிரதியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாள் கொடுத்துவிட்டார். அருளப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். விளிம்பு முதல் விளிம்பு வரை எழுத்து நிறைந்த ஒன்பது தாள்கள். இந்த ஒரு வாரத்தில் மூன்று முறை படித்துவிட்டேன். நான் சொன்னது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே படித்தேன். கண்ணில் நீர் வருகிறது. ஆனால் அது கதையால் வருவதில்லை.

முடிவு சரியாக வரவில்லை, அருளப்பன். திருப்பி அனுப்பத்தான் விலாசம் இல்லை.