குலசிங்கத்தார் சொன்னால் நடக்காது

“இண்டைக்கு ஊத்தப்போகுது, இருந்து பாருங்கோ” என்று வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டு, துவைத்த சாரத்தைக் கடைவாசல் கொடியில் விரித்துப் போடுவார் குலசிங்கத்தார். மழை வரும் என்கிறவர் ஏன் சாரத்தைக் காயப்போடுகிறார் என்று கேட்பவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். அவர் ஊத்தும் என்றால் அன்று வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் சொன்னது எதுவும் நடந்ததில்லை. திருகோணமலை இறங்குதுறைக்குப் போகும் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மண்ணெண்ணெய் அடுப்புத் திருத்துவது அவர் தொழில். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத போர்க்காலம் அது. அடுப்பில்லாத குசினி இல்லை, குலசிங்கத்தாருக்கு ஓய்வும் இல்லை. சட்டைக் கொலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். அடைத்துப்போன பேர்னரின் துவாரத்தை அதனால் குத்தி, ஊதி, காதருகே பிடித்துக் காற்றுப் போகிற சத்தத்தைக் கேட்பார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “இது இனிச் சரிவராது அம்மா. கொண்டுபோய் எறியுங்கோ” என்பார். அந்த அம்மா மகிழ்ச்சியோடு அடுப்பை அவரிடமே விட்டுவிட்டுப் போவாள். மறுநாள் அது நீலமாக எரியும்.

சோதனை முடிவுகள் வருகிற காலத்தில் தாய்மார் அடுப்பே இல்லாமலும் வருவார்கள். “என்ட மகன் பெயில் எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ” என்று வெட்கத்தோடு கேட்பார்கள். அவரும் தட்டாமல் எல்லாப் பிள்ளைகளையும் பெயிலாக்கி அனுப்புவார்.

பக்கத்துத் தேநீர்க் கடை கிண்ணியா லாபிருடையது. இரண்டு கடைக்கும் நடுவே கவிழ்த்து வைத்த தகரப் பீப்பாவின்மேல் ஒரு செஸ் பலகை. முதல் காயை நகர்த்த முன்னமே “நான் தோத்திட்டன்” என்று அறிவித்துவிட்டுத்தான் குலசிங்கத்தார் ஆடத் தொடங்குவார், அநேகமாக வெல்வார். உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று லாபிர் பிளேன்டீயோடு வந்து கெஞ்சினார்: “குலசிங்கண்ணன், நாங்க தோப்பம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போடுங்க.” அவர் சொன்னார். இலங்கை வென்றது. அன்றிலிருந்து லாபிருக்கு அந்த வாயில் அசையாத நம்பிக்கை.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. குலசிங்கத்தாருக்கு அது சிரிக்கிற விஷயமல்ல.

அவருடைய ஒரே மகள் பூரணி மூதூரில் ஆசிரியை. காலையில் லாஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய்ப் பின்னேரம் அதிலேயே திரும்ப வேண்டும். இடையில் கிடப்பது குடாக்கடல். அதில் யார் யாரை எப்போது சுடுவார்கள் என்று சொல்ல முடியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. லாஞ்சைக் காணவில்லை. குலசிங்கத்தார் துறையிலே நின்றுகொண்டிருந்தார். “இனி அது வராது” என்று வாய்விட்டு அழுதார். சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் லாஞ்ச் தெரிந்தது. அன்று பிடித்த பழக்கம். ஒவ்வொரு காலையும் மகள் கடையைத் தாண்டும்போது, “இண்டைக்கு லாஞ்ச் திரும்பாது” என்பார். முதல் தடவை கேட்டபோது அவள் திகைத்துப்போய், “வாயைக் கழுவுங்கோ அப்பா” என்று சீறினாள். காரணம் புரிந்த பிறகு, அவர் மறந்தாலும் அவள் விடுவதில்லை. “சொல்லியாச்சோ?” என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டுதான் துறைக்கு நடப்பாள்.

இப்படி இருக்கையில், தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் உலகச் செஸ் சாம்பியனும் கம்பியூட்டரும் மறுபடி மோதுகிற செய்தி வந்தது. கொண்டுவந்தவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர் வேலை பார்க்கும் யோகலிங்கம். போன வருடம் மோதியபோது குலசிங்கத்தார் “பெட்டிதான் வெல்லும்” என்றார்; மனிதன் வென்றான். இந்த முறை பெட்டியை இன்னும் பலப்படுத்திக் கொண்டுவந்திருக்கிறார்களாம்.

“செக்கனுக்கு இருபது கோடி நிலையைப் பாக்குமாம். மனிசன் என்ன செய்வான்?” என்றார் யோகலிங்கம். அவருடைய கந்தோரில் ஒரு கம்பியூட்டர் உண்டு. பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார்கள், தொட ஆளில்லை. என்றாலும் அதே கூரையின் கீழ் இருப்பவர் என்ற முறையில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு இருந்தது.

“அதுக்குப் பயம் இரிக்கா?” என்று கேட்டார் லாபிர்.

“இல்லை. அதுதானே அதுட பலம்.”

“பயமில்லாததுக்குக் கவனம் எங்கால வரும்? மனிசன்தான் வெல்லுவான்.”

இருவரும் குலசிங்கத்தாரைப் பார்த்தார்கள். பத்திரிகைப் படத்தில் தலையைக் கைகளில் தாங்கியபடி இருந்த அந்த மனிதன்மேல் அவருக்கு இரக்கம் வந்தது. தன்னைப் போலவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறவன் என்று தோன்றியது. “பெட்டிதான் வெல்லும்” என்றார் உறுதியாக. லாபிர் நிம்மதியாகக் கோப்பை கழுவப் போனார்.

முதல் ஆட்டம் மனிதனுக்கு. இரண்டாவது பெட்டிக்கு. அந்தச் செய்தி வந்த அன்று துறையில் கடற்படைச் சோதனை நீண்டு லாஞ்ச் பிந்தியது. குலசிங்கத்தார் கையில் பிடித்த பேர்னரோடு துறைவரை போய், மகளின் தலை தெரியும்வரை நின்றார். பிறகு சமன், சமன், மறுபடியும் சமன். யோகலிங்கம் பலகையில் காய்களை நகர்த்திக் காட்டுவார்; லாபிர் இடையில் புகுந்து மனிதனுக்கு வழி சொல்லுவார்; தேநீர் குடிக்க வந்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கதைத்தார்கள். குலசிங்கத்தார் மட்டும் முன்னைவிடச் சத்தமாக, கேட்காதவர்களிடமும், “பெட்டிதான் வெல்லும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறில் ஓர் ஆட்டம்தான் மிச்சம்; அதை வெல்பவருக்கே போட்டி. அவருக்குச் சோறு இறங்கவில்லை. “எங்கேயோ இருக்கிற பெட்டி வெண்டா உங்களுக்கென்ன, தோத்தா உங்களுக்கென்ன?” என்று மனைவி நல்லம்மா ஏசினாள். அவர் என்னவென்று சொல்வார்? பெட்டி வென்றால் அவர் சொன்னது நடந்ததாகிவிடும். ஒன்று நடந்தால், காலையில் மகளுக்குச் சொல்கிற மற்றதும் நடக்கலாம் அல்லவா? இதை நினைக்கவே அவருக்குப் பயம். வாய்விட்டுச் சொன்னால் அது பலிக்குமோ பலிக்காதோ தெரியாது.

கடைசி ஆட்டத்தின் முடிவு வரவேண்டிய காலை. பூரணி குடையும் பையுமாக வந்து நின்றாள்.

“சொல்லியாச்சோ?”

ஓர் அடுப்பைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தவர் தலை நிமிராமல், “ஓமோம். இண்டைக்கு லாஞ்ச் திரும்பாது” என்றார். அவள் சிரித்துக்கொண்டு போனாள்.

அவள் துறையில் வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். யோகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். விடிய ரேடியோவில் கேட்டிருக்கிறார். முகமெல்லாம் வெற்றி. “முடிஞ்சுது. இண்டைக்கு மனிசன் கனநேரம் நிண்டுபிடிக்கேல்லை. பெட்டி வெண்டிட்டுது.”

லாபிர் கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தன் தோல்வியை விழுங்கிக்கொண்டு, பகிடியாகக் குலசிங்கத்தாரின் தோளில் தட்டினார். “என்ன அண்ணன், கடைசியா உங்கட வாக்கும் பலிச்சிட்டே.”

குலசிங்கத்தார் வேலையை விட்டுத் துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சற்று முன் மகளுக்குச் சொன்ன சொல் இன்னும் வாயிலேயே இருப்பதுபோல் இருந்தது. அடுப்பு கழற்றியது கழற்றியபடி கிடக்க, எழுந்து துறையை நோக்கி ஓடினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

சோதனை நிலையத்தில் நின்ற கடற்படைச் சிப்பாய் அவரை அறிந்தவன். அடுப்புத் திருத்துகிற பாஸ் எங்கே போகிறார் என்று சிங்களத்தில் விசாரித்தான். அவர் அடையாள அட்டையை நீட்டினார். அவன் உடலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போக விட்டான்.

பூரணி லாஞ்சில் ஏறியிருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற தகப்பனைப் பார்த்துப் பதறிப்போனாள். “என்னப்பா, நான் எதையும் விட்டிட்டு வந்திட்டனோ?”

“இறங்கு பிள்ளை. இண்டைக்குப் போக வேண்டாம்.”

“பிள்ளையள் பாத்துக்கொண்டு நிப்பினம். போகாமல் விட ஏலாது. ஏன், என்ன நடந்தது?”

சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை அப்படியே மூடினார். சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. புதிதாக ஒன்றைச் சொல்லவும் துணிவில்லை. நல்லபடி போயிட்டு வா என்றால் அது எந்தப் பக்கம் திரும்பும்? கெட்டதைச் சொன்னால்தான் எந்தப் பக்கம்? அதற்குள் கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

குலசிங்கத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லாஞ்சுக்குள் கால் வைத்தார். பக்கத்திலிருந்தவர் ஒதுங்கி இடம்விட, மகளோடு ஒட்டி உட்கார்ந்தார். “கடை திறந்து கிடக்கெல்லோ? நீங்கள் எங்கை வாறியள்?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எஞ்சின் உறுமி, கரை விலகத் தொடங்கியது. அவர் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.